ஒரு பாஷைக்கு இன்னொரு வாய்

அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் எச்சரிக்கை. மிக்சி, வாஷிங் மெஷின், இஸ்திரிப் பெட்டி என்று எது வாங்கினாலும் உள்ளே ஒரு மெல்லிசான புத்தகம் இருக்குமே, அதை ஒருத்தரும் படிக்காமல் டிராயரில் திணித்துவிட்டு மெஷின் மக்கர் பண்ணுகிற அன்றைக்கு வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் தேடுவார்களே, அந்தப் புத்தகத்தை ஆங்கிலத்தில் எழுதுவதுதான் மனுஷனுக்கு வேலை. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 'எச்சரிக்கை' என்றுதான் ஆரம்பிக்கும். கேன்டீனில் யாராவது சூடான டீயை வேகமாக எடுத்தால்கூட அவர் வாய் சும்மா இருக்காது. பெயர் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

தொழிற்சாலைகளிலிருந்து அவர் மேஜைக்கு வரும் வரைவுகளும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஒரு மாதிரியான ஆங்கிலம். ஆரம்பத்தில் தலையில் அடித்துக்கொண்டு திருத்திக்கொண்டிருந்தார். ஒருநாள் மாவு பிசையும் மெஷினுக்கு வந்த வரைவில், 'கை உள்ளே போகும், கை திரும்பி வராது' என்று எழுதியிருந்தது. எச்சரிக்கை பேனாவை மூடி வைத்துவிட்டார். இதைவிடத் தெளிவாக எந்தப் பண்டிதர் சொல்லிவிட முடியும்? உலகத்தில் இத்தனை வாய்கள் தத்தம் சௌகரியத்துக்குப் பேசிப் பேசி, ஆயிரம் வருஷம் கழித்து ஆங்கிலம் என்னவாகும் என்று அன்றைக்கு யோசிக்க ஆரம்பித்தவர்தான். எட்டு வருஷமாக நிறுத்தவில்லை.

அவருடைய சித்தாந்தம் எளிமையானது. அதிகமாகப் புழங்குகிற சொல் குளியலறை சோப்பு மாதிரி சீக்கிரம் தேயும். 'தொடாதே' என்கிற 'டோன்ட் டச்' தேய்ந்து 'டோட்டா' ஆகும். பயன்படுத்துகிறவர் 'யூசா' ஆவார். தயாரித்தவர் 'மேனஃபா'. உத்தரவாதம் 'வாண்டி'. காலை வணக்கம் 'குமோ'. இங்கிலீஷ் என்ற பெயரே தேய்ந்து 'இங்கி' ஆகிவிடும். அந்த இங்கியைத்தான் மனுஷன் ஒற்றை ஆளாக உருவாக்கிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவிக்கு பல் செட் செய்கிற லேபில் வேலை. வீட்டின் ஒரு அலமாரி நிறைய பிளாஸ்டர் தாடைகள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். ஆராய்ச்சிக்கு இது வசதியாகப் போயிற்று. எந்த ஒலி நிற்கும், எந்த ஒலி உதிரும் என்று பார்க்க, செய்து வைத்த பல் செட்டைத் தன் பல்லுக்கு மேலேயே மாட்டிக்கொண்டு குளியலறைக் கண்ணாடி முன் நின்று கத்துவார்.

"அது நாளைக்கு ஒரு பெரியவர் வாய்க்குப் போகணுங்க. கழட்டுங்க முதல்ல."

"ஒரு நிமிஷம். நாக்கைக் கடிக்கிற ஒலி எல்லாம் போயிடுது, பாரேன்."

"உங்க மானமும் சேர்ந்து போயிடுது."

பாஷையில் ஒரே ஒரு குறை இருந்தது. அவருக்கு ஊறிப்போன விஷயம் கையேடுதான். அதனால் இங்கியில் ஈரக்கை, பழுது, பிளக், மூடி, அதிக வெப்பம் எல்லாவற்றுக்கும் சொல் இருந்தது. பசி, பாசம், கோபம் எதற்கும் கிடையாது. கல்யாண நாளன்று மனைவி, "உன்னை எனக்குப் பிடிக்கும்னு இங்கியில எப்படிச் சொல்வீங்க?" என்று ஆசையாகக் கேட்டாள். எச்சரிக்கை வெகுநேரம் விட்டத்தைப் பார்த்தார். கடைசியில், "இந்தப் பாகத்தைக் கழற்ற முடியாதுன்னு சொல்லலாம்," என்றார். சிரிப்பதா, கையில் இருந்த தாடையால் ஒன்று போடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டில் மூன்றாவது ஆள், மனைவியின் அம்மா. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் ஆங்கில இலக்கணம் நடத்தி ஓய்வு பெற்றவர். கடைப் பெயர்ப்பலகையில் தப்பு இருந்தால் உள்ளே போய் முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் சாமான் வாங்குவார். ஒரு காலத்தில் மாமியாருக்கும் மாப்பிள்ளைக்கும் அவ்வளவு ஒட்டுதல். சாப்பாட்டு மேஜையில் மாமியார் தன் மாணவர்கள் எழுதிய தப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார், எச்சரிக்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். சிரித்துவிட்டு உள்ளே போய் அந்தத் தப்புகளை எல்லாம் இங்கியில் சேர்த்துக்கொள்வார். இலக்கணத்தில் பாதி அப்படி வந்ததுதான். அது மாமியாருக்கும் தெரியும், அதில் அவருக்கு ஒரு ரகசியப் பெருமைகூட இருந்தது.

எல்லாம் ஒரு விருந்தில் கெட்டது. மாமியாருடன் வேலை பார்த்த ஆசிரியைகள் ஏழெட்டுப் பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். எச்சரிக்கைக்கு இத்தனை படித்த காதுகள் ஒரே இடத்தில் கிடைத்த குஷி. இங்கியைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தார். 'நான் கண்டுபிடிச்சது', 'நானே யோசிச்சது' என்று வார்த்தைக்கு வார்த்தை நான். அதோடு விட்டாரா? மாமியார் பக்கம் திரும்பி, "அத்தை, நீங்க சிவப்பு மையில சுழிச்ச தப்பெல்லாம் அப்ப சரியாயிடும். நீங்க சொல்லிக் கொடுத்த சரியெல்லாம் தப்பாயிடும்!" என்றார். ஆசிரியைகள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். மாமியார் கையில் இருந்த கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

அன்றைக்கு மூடிய வாய்தான். இரண்டு வருஷமாகிறது, மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கிடையாது. எச்சரிக்கைக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. உண்மையைச் சொன்னால் கோபமா, இருக்கட்டும் என்று அவரும் முறுக்கிக்கொண்டார்.

ஆனால் ஒரே வீட்டில் இருந்துகொண்டு எப்படிப் பேசாமல் இருப்பது? அதற்கு பிரிட்ஜ் இருந்தது. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நின்றதால் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஆள்.

"பிரிட்ஜே, யாரோ பல் செட்டை நான் தண்ணி குடிக்கிற டம்ளர்ல போட்டு வெச்சிருக்காங்க."

"பிரிட்ஜ், அது ஆராய்ச்சிக்காகன்னு சொல்லிடு."

"பிரிட்ஜே, ஆராய்ச்சிக்குத் தனியா ஒரு டம்ளர் வாங்கிக்கச் சொல்லு."

பிரிட்ஜும் பாவம், எல்லாவற்றுக்கும் 'உம்ம்ம்' கொட்டும். ஒருமுறை அது நின்றுபோனபோது வீடே ஸ்தம்பித்துவிட்டது. உள்ளே காய்கறி அழுகுவதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. மெக்கானிக் வந்து, "என்னம்மா கம்ப்ளெயின்ட்?" என்று கேட்டதற்கு, "பேச்சுவார்த்தை நின்னு போச்சுங்க," என்றாள் மனைவி. அவன் ஒன்றும் புரியாமல் பின்பக்க ஸ்க்ரூவைக் கழற்ற ஆரம்பித்தான்.

இப்படி இருக்கையில்தான் எச்சரிக்கையின் வாழ்க்கையில் ஒரு கதவு திறந்தது. அறிவியல் கண்காட்சிக் கூடத்தில் 'ஆயிரம் வருஷம் கழித்து ஒரு வீடு' என்று புதிதாக ஓர் அறை கட்டிக்கொண்டிருந்தார்கள். அடுப்பு பேசும், அலமாரி பேசும், கதவு பேசும். என்ன பாஷை பேசும் என்பதுதான் கேள்வி. எச்சரிக்கை அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார். கூடத்தின் இயக்குநர் ஒரு நிதானமான அம்மாள். அவர் பக்கத்தில் ஒலியமைப்பு எஞ்சினியர் ஒரு சின்னப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

எச்சரிக்கை இங்கியில் பொழிந்து தள்ளினார். இயக்குநர் அம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"நல்லா இருக்கு. ஆனா இது பாஷையா, இல்ல நீங்க மட்டும் போடற சத்தமா?"

"பாஷைதாங்க!"

"ஒருத்தர் மட்டும் பேசினா தொண்டையில ஏதோ பிரச்சினைன்னுதான் ஜனங்க நினைப்பாங்க. ரெண்டு பேர் பேசினாத்தான் பாஷை. வெள்ளிக்கிழமை இன்னொருத்தரைக் கூட்டிட்டு வாங்க. எழுதி வெச்சுப் படிக்கக் கூடாது. எங்க முன்னாடி அஞ்சு நிமிஷம் சும்மா பேசிக் காட்டுங்க."

"முடியலைன்னா?"

எஞ்சினியர் தன் பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தினார். 'பீப்' என்றது. "இது தயாரா இருக்கு சார்," என்றார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் எச்சரிக்கைக்கு அதே யோசனை. எட்டு வருஷமாக அந்தப் பாஷையில் அவர் கேள்வி கேட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஜோக் சொன்னால் அவர்தான் சிரிக்க வேண்டும். யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், எதிரில் உட்கார்ந்து பதில் சொன்னால் போதும் என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பார்! வெள்ளிக்கிழமை அந்த ஒருத்தர் கிடைக்காவிட்டால் இங்கி குளியலறைச் சத்தமாகவே செத்துப்போகும். ஒரு 'பீப்' அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். நினைத்தாலே அழுகை வந்தது.

முதலில் ஆபீசில் உதிரிபாகப் பிரிவு நண்பரைப் பிடித்தார். அவர் ஆர்வமாக மூன்று சொல் கற்றுக்கொண்டு, அந்த மூன்றையும் வைத்து ஜெராக்ஸ் மெஷினைத் திட்டிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் தனக்குத் தேவைப்படவில்லை என்று சொல்லிவிட்டார்.

மிச்சம் மனைவிதான். அவளுக்கு மனசெல்லாம் நல்ல மனசு, உதட்டைத்தான் கட்டுப்படுத்த முடியவில்லை. எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு "குமோ, யூசா" என்று ஆரம்பிப்பார். அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

"இது என் வாழ்க்கைப் பிரச்சினை!"

"தெரியுதுங்க. சத்தியமா இனிமே சிரிக்க மாட்டேன். சொல்லுங்க."

"குமோ."

மறுபடியும் தலையணை. பக்கத்து அறையிலிருந்து மாமியார் பிரிட்ஜிடம் சத்தமாகச் சொன்னார்: "பிரிட்ஜே, இந்த வீட்ல பைத்தியம் ஒண்ணா ரெண்டான்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

வெள்ளிக்கிழமை காலை மூவரும் ஒரே காரில் கிளம்பினார்கள். கண்காட்சிக் கூடத்தில் வேலை முடிந்ததும் மாமியாரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும், அதனால்தான் அவர் வந்தார். வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தார். கூடத்தில் சுவரோரமாகக் கிடந்த நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்துகொண்டார்.

இயக்குநர் அம்மாள், "ஆரம்பிக்கலாமா?" என்றார்.

எச்சரிக்கை தொண்டையைச் செருமிக்கொண்டார். மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு எதிரில் நின்றாள். அவர் "கு" என்றதுதான் தாமதம், அவள் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. "மோ" என்று முடிப்பதற்குள் குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "சாரிங்க, சாரிங்க," என்று சொல்லிக்கொண்டே, சிரிப்பும் கண்ணீருமாக, கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடிவிட்டாள்.

எச்சரிக்கை விடவில்லை. இந்தப் பக்கம் நின்று ஒரு கேள்வி கேட்டார், அந்தப் பக்கம் ஓடிப்போய் நின்று அதற்குப் பதில் சொன்னார், மறுபடி இந்தப் பக்கம் வந்து தலையாட்டினார். நாலைந்து தடவை ஓடியதில் மூச்சு வாங்கியது. எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதே மறந்துவிட்டது. "யூசா..." என்றார். "யூசா..." அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. எட்டு வருஷப் பாஷை மொத்தமும் தலையிலிருந்து வழித்து எடுத்த மாதிரி காலியாகிவிட்டது. இயக்குநர் அம்மாள் சங்கடத்தோடு எஞ்சினியரைப் பார்த்தார். எஞ்சினியரின் விரல் பெட்டியை நோக்கி நகர்ந்தது.

"டோட்டா!"

வகுப்பின் கடைசி பெஞ்ச் வரைக்கும் கேட்கும் குரல். எஞ்சினியர் சுட்டது போல விரலை இழுத்துக்கொண்டார். எச்சரிக்கை திரும்பிப் பார்த்தார். மாமியார் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தார். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. சபதம் சபதம்தான். சுவரில் மாட்டியிருந்த சிவப்புத் தீயணைப்பு சிலிண்டரை உற்றுப் பார்த்து, அதனிடம் பேச ஆரம்பித்தார். சுத்தமான இங்கியில். தமிழில் சொன்னால் இப்படி:

"சிலிண்டர் கவனத்துக்கு. இங்கே ஒரு கருவி அளவுக்கு அதிகமாகச் சத்தம் போடுகிறது. பலன் குறைவு."

எச்சரிக்கைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வேறு ஒரு வாயிலிருந்து இங்கி! அதுவும் அவருடைய உச்சரிப்பைவிடத் திருத்தமாக! அவரும் அவசரமாக சிலிண்டர் பக்கம் திரும்பினார்.

"சிலிண்டர், கருவியைக் குறை சொல்லும் முன் கையேட்டைப் படிக்கச் சொல்லவும்."

"கையேடு தினமும் குளியலறையில் உரக்கப் படிக்கப்படுகிறது. கதவு மெல்லியது. காதுக்கு மூடி வழங்கப்படவில்லை."

"பிடிக்காவிட்டால் தூரமாக வைத்துப் பயன்படுத்தவும்."

"தூரமாகத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு வருடமாக." மாமியார் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "இந்தக் கருவி விருந்தாளிகள் முன்னிலையில் வெடித்தது. பக்கத்தில் இருந்த பழைய மாடல் சேதமடைந்தது."

இயக்குநர் அம்மாளும் எஞ்சினியரும் ஒரு வார்த்தை புரியாமல் இருவரையும் சிலிண்டரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சேதம் தற்செயலானது," என்றார் எச்சரிக்கை, மெதுவாக.

"பழைய மாடல் முப்பது வருடம் ஓய்வில்லாமல் ஓடியது. அதன் பாகங்களை எடுத்தே புதிய மாடல் செய்யப்பட்டது. பாகங்களைக் கொடுத்ததில் அதற்கு வருத்தமில்லை. சந்தோஷம்தான்." சந்தோஷத்துக்கு இங்கியில் சொல் இல்லை. 'பச்சை விளக்கு எரிந்தது' என்றுதான் சொன்னார். "ஆனால் பெட்டியின் மேல் அதன் பெயர் அச்சிடப்படவில்லை. உபயோகமற்றது என்று அச்சிடப்பட்டது."

எச்சரிக்கைக்கு அந்த விருந்து, அந்தக் கரண்டி, மேஜையைத் தட்டிய ஆசிரியைகள் எல்லாம் கண் முன்னால் வந்தது. உண்மையைச் சொன்னேன் என்றல்லவா இத்தனை நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தோம்! மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். அப்போதுதான் தெரிந்தது, இங்கியில் மன்னிப்பு என்ற சொல்லே இல்லை. எப்படி இருக்கும்? எந்தக் கம்பெனி கையேட்டில் மன்னிப்புக் கேட்டிருக்கிறது? டோட்டாவுக்கும் பிளக்குக்கும் அவ்வளவு மெனக்கெட்ட மனுஷன் தவித்துப்போய் நின்றார். பிறகு சிலிண்டரை விட்டுவிட்டு, நேராக மாமியாரைப் பார்த்து, இருக்கிற சொற்களைப் பொறுக்கிச் சேர்த்துச் சொன்னார்.

"கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது. தவறு யூசாவுடையது அல்ல. மேனஃபாவுடையது. முழுக்க மேனஃபாவுடையது."

மாமியார் சிலிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார், மடித்து உள்ளே வைத்தார், பையை மூடினார்.

"வாண்டி இன்னும் முடியவில்லை," என்றார் மாமியார். பிறகு முகத்தைத் திருப்பி, இரண்டு வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாக அவரைப் பார்த்து, நல்ல தமிழில் சொன்னார்: "மாப்பிள்ளை, கண் டாக்டர்கிட்ட போக நேரமாச்சு."

இயக்குநர் அம்மாள் எழுந்து நின்று கை தட்டினார். "எதுவும் புரியலை, ஆனா எனக்கு அழுகை வந்துடுச்சு. கடைசி வாக்கியம் மட்டும் அப்படியே தமிழ் மாதிரி இருந்தது!" அவருக்குப் பரவசம் தாங்கவில்லை. "அதைவிட அந்த சிலிண்டர்! எதிர்காலத்துல மனுஷங்க மனுஷங்களைப் பார்த்துப் பேசவே மாட்டாங்க, நடுவுல ஒரு பொருளை வெச்சுத்தான் பேசுவாங்க! இதை எப்படிங்க யோசிச்சீங்க?"

"அது... ரொம்ப நாள் கள ஆய்வுங்க," என்றார் எச்சரிக்கை.

"எங்கே பண்ணினீங்க?"

"வீட்லதான்," என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அந்த அறை இப்போது திறந்துவிட்டது. உள்ளே போகிறவர்கள் நடுவில் நிற்கும் ஒரு பிரிட்ஜிடம்தான் பேச வேண்டும், அப்படித்தான் விதி. வாசலில் இங்கியை உருவாக்கியவர்கள் என்று ஒரு பலகை. முதலில் மாமியார் பெயர், கீழே எச்சரிக்கையின் பெயர். தாம் சொல்லித்தான் அந்த வரிசையில் போட்டார்கள் என்பதை எச்சரிக்கை யாரிடமும் சொல்லவில்லை. பலகையில் இருந்த ஆங்கிலத்தில் ஒரு தப்பைக் கண்டுபிடித்த மாமியார் திறப்பு விழா அன்றைக்கே பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். பாதி வழியில் கை நின்றது. "வேண்டாம், இருந்துட்டுப் போகட்டும். ஆயிரம் வருஷத்துல சரியாயிடும்," என்று பேனாவை உள்ளே போட்டுக்கொண்டார்.

வீட்டில்தான் நிலைமை தலைகீழ். காலையில் காபி டம்ளரோடு உட்கார்ந்தால் மாமியாரும் மாப்பிள்ளையும் இங்கியில் ஓயாமல் பேசுகிறார்கள், மேஜையைத் தட்டிச் சிரிக்கிறார்கள். கோபத்துக்கு ஒரு சொல், பசிக்கு ஒரு சொல் என்று புதிது புதிதாகச் சண்டை போட்டுச் சேர்க்கிறார்கள். பாவம் அந்த மனைவி. இரண்டு வருஷம் இவர்களுக்கு நடுவில் கிடந்து அல்லாடியவளுக்கு இப்போது ஒரு வரி புரிவதில்லை.

ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடிவிட்டு விறுவிறுவென்று வந்து பிரிட்ஜ் முன்னால் நின்றாள்.

"பிரிட்ஜே, இந்த வீட்ல நான் ஒருத்தி இருக்கேன்னு யாருக்காவது ஞாபகம் இருக்கா, கேட்டுச் சொல்லு!" என்று சொல்லிவிட்டு, சொட்டச் சொட்ட ஈரக்கையோடு பின்பக்க பிளக் பக்கம் கையை ஊன்றப் போனாள்.

"டோட்டா!" என்று மேஜையிலிருந்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அலறினார்கள்.

அவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். இழுத்த கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மேஜையில் மூன்றாவது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சிரிக்காமல், "குமோ," என்றாள்.